இரவல் குழந்தை

அந்த ஆண் குரங்கு குட்டியைத் தூக்கியபோது, அதைக் கொல்லத்தான் போகிறது என்று நினைத்தேன். கையிலிருந்த கழியை ஓங்கிக்கொண்டு முந்திரி மரத்தடியை நோக்கிக் கத்திக்கொண்டே ஓடினேன். ஓடியவள் பாதியில் அப்படியே நின்றுவிட்டேன்.

காது கிழிந்த குரங்கு அது. முந்தின நாள்தான் கூட்டத்தின் பெரிய ஆணிடம் கடிபட்டு, தோளில் ரத்தம் வழிய ஓடியிருந்தது. இப்போது தாயின் பக்கத்தில் தத்திக்கொண்டிருந்த ஒரு குட்டியை அள்ளி, வயிற்றோடு அணைத்து, தன்னைக் கடித்த அந்தப் பெரிய ஆணை நோக்கியே மூன்று காலில் நடந்தது. பெரியது எழுந்தது. பல்லைக் காட்டியது. கிழிந்த காது குட்டியை முன்னால் நீட்டியது. பெரியதின் முகம் மாறிவிட்டது. இரண்டும் குட்டியின் மேல் தலையைக் கவிழ்த்து, உதடுகளைப் படபடவென்று அடித்துக் கொஞ்சத் தொடங்கின. சற்று நேரத்தில் குட்டி தாயிடம் போய்விட்டது. கிழிந்த காது மட்டும் பெரியதின் பக்கத்திலேயே உட்கார்ந்து முந்திரிப் பழத்தைக் கடித்துத் தின்றது. முந்தின நாள் அந்த மரத்தின் நிழலைக்கூட மிதிக்க விடாமல் விரட்டப்பட்ட குரங்கு அது.

கழியைத் தாழ்த்தித் திகைத்து நின்றேன். குரங்கு செய்த காரியத்துக்காக மட்டும் அல்ல. அதே காரியத்தை எங்கள் குடிசை வரிசையில் மனிதர்கள் செய்து நான் பல தடவை பார்த்திருந்தேன். அவர்கள் தூக்கிக்கொண்டு போனது என் தங்கையை.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்ட ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நகரியத்தில் பிளாக் பிளாக்காகக் குவார்ட்டர்ஸ் எழும்பிக்கொண்டிருந்தது. நாங்கள் இருந்தது அதில் அல்ல. கடைசி பிளாக்கைத் தாண்டி, முந்திரித் தோப்பின் ஓரமாக, கான்ட்ராக்ட் கூலிகள் போட்டுக்கொண்ட குடிசைகளில் ஒன்றில். அப்பா கம்மாபுரம் பக்கத்துக்காரர். அங்கே நிலம் வைத்திருந்தவர்கள் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தார்கள். எங்களிடம் கொடுக்க நிலம் இல்லை. அடுத்தவர் நிலத்தில் செய்துவந்த வேலைதான் போயிற்று. அப்பா சுரங்கத்துக்கு வந்து, மண்ணைக் கொண்டுபோகும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை வாரிப் போடும் வேலையில் சேர்ந்தார்.

குரங்குகளும் எங்களைப் போலத்தான் வந்து சேர்ந்தன. மரங்கள் வெட்டப்பட வெட்டப்பட, மிச்சமிருந்த தோப்புக்குக் குடிவந்தன.

நான் அந்த வருடம் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்தேன். எங்கள் பரம்பரையிலேயே பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. ஆசிரியப் பயிற்சிக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். காத்திருந்த நாட்களில் அம்மா எனக்குக் கொடுத்த வேலை, குடிசைக்குப் பின்னால் சாக்கில் காயப்போட்ட வேர்க்கடலையைக் குரங்கு வாராமல் காவல் காப்பது. ஒரு கையில் கழி, ஒரு கையில் நோட்டு. குரங்குகள் செய்வதையெல்லாம் எழுதிவைத்தேன். படித்தவள் சும்மா உட்கார்ந்து காவல் காக்கக்கூடாது என்ற திமிர்தான் காரணம்.

இப்போது தங்கையின் விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு அப்போது பத்து மாதம். எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் இருந்தது. மேஸ்திரியிடமோ ஆபீசரிடமோ எதையாவது கேட்கப் போகிறவர்கள் ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். தங்களுக்குக் குழந்தை இல்லாவிட்டால் இரவல் வாங்கிக்கொண்டு போவார்கள். எப்போதோ ஒரு பெண், பிள்ளையை விட்டுவர ஆள் இல்லாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு போனாளாம். கத்திக்கொண்டிருந்த ஆபீசர் குழந்தை மிரளுமே என்று குரலைத் தணித்தாராம். அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. என் தங்கை எவர் இடுப்பிலும் அழமாட்டாள். மேஜைமேல் இருக்கும் பேனாவைப் பார்த்துச் சிரிப்பாள். அதனால் அவளுக்குத்தான் கிராக்கி. அம்மா முகம் கழுவி, கன்னத்தில் மை வைத்து, விளக்கைக் கொடுக்கிற மாதிரி எடுத்துக் கொடுத்துவிடுவாள்.

எனக்கு அது அவமானமாக இருந்தது.

எதிர்க்குடிசை அத்தை ஒருநாள் காலையில் வந்து, "அண்ணி, பாப்பாவ ஒரு மணி நேரம் குடு. எங்க வூட்டுக்காரரு லீவு விஷயமா ஆபீசு போறாரு" என்று கேட்டபோது நான் குறுக்கே நின்றேன்.

"அவ என்னா குடையா அத்த? மழ வந்தா எடுத்துக்கினு போறதுக்கு?"

"அடி ஆத்தி! படிச்ச பொண்ணு பேசறதப் பாரு. நீ கைக்கொழந்தயா இருந்திருந்தா உன்னக்கூடத்தான் கேட்டிருப்போம். நீதான் யாரு தூக்கினாலும் கடிப்பியாமே. உன்ன எடுத்துக்கினு போயி யாரு கடி வாங்கறது?"

அம்மா சிரித்துக்கொண்டே குழந்தையைக் கொடுத்துவிட்டாள். நான் கழியை எடுத்துக்கொண்டு காவலுக்குப் போய்விட்டேன்.

கிழிந்த காது குட்டியைத் தூக்கிய காட்சியைப் பார்த்த அன்று, சங்கு ஊதி ஷிப்டு முடிந்து அப்பா வந்ததும் வராததுமாக அதைச் சொன்னேன். மூச்சு வாங்கச் சொன்னேன். சொல்லிவிட்டு, "கொரங்கு பண்றதத்தான்பா நம்ம ஜனங்களும் பண்ணிக்கினு இருக்காங்க" என்றேன்.

அப்பா செம்மண் படிந்த கால்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்து காலைத் தேய்த்தார். நான் சொன்ன நேரம் சரியில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்குத்தான் பர்மனென்ட் ஆக்கப் போகிறவர்களின் பட்டியல் ஒட்டப்பட்டிருந்தது. அப்பாவோடு சேர்ந்து மண் வாரிய எல்லோர் பெயரும் அதில் இருந்தது. அப்பா பெயர் இல்லை. பெயர்களை எழுதிக் கொடுத்தவர் கான்ட்ராக்டரின் மேஸ்திரி. அவருக்கும் அப்பாவுக்கும் ஒரு மாதமாகப் பேச்சு இல்லை. சனிக்கிழமைக்குள் ஆபீசரைப் பார்த்துச் சரிசெய்யாவிட்டால் பட்டியல் மேலே போய்விடும். கான்ட்ராக்ட் அந்த மாதத்தோடு முடிகிறது. முடிந்தால் குடிசையைக் காலி செய்துகொண்டு கரும்பு வெட்டப் போகவேண்டியதுதான். போனால் நானும் போகவேண்டும். பயிற்சிப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தாலும் அதை வாங்க இந்த விலாசத்தில் ஆள் இருக்காது.

"பாப்பாவ எடுத்துக்கினு போய்யா. யோசிக்காத" என்றாள் அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். "வேணாம். கொரங்குன்னு சொல்லிட்டா இல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆங்கிலத்தில் மனு எழுதித் தருகிறேன் என்றேன். எத்தனை வருடம், எந்த பெல்ட், எந்த ஷிப்டு என்று எல்லாவற்றையும் கேட்டு, ஒரு முழு வெள்ளைத் தாளில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். எங்கள் வரிசையிலிருந்து எவரும் அதுவரை அப்படி ஒரு தாளைக் கொண்டுபோனதில்லை. இந்த மனுவைப் படிக்கிற ஆபீசர் எழுந்து நின்றுவிடுவார் என்றே நினைத்தேன்.

அப்பா மறுநாள் வேலையை விட்டுவிட்டு மனுவோடு போனார். சாயங்காலம் மனுவோடு திரும்பி வந்தார். காலையிலிருந்து வராந்தாவில் நின்றிருக்கிறார். உள்ளே போனதும் ஆபீசர், "எல்லாருக்கும் இதே பாட்டுதானா? போய் உங்க மேஸ்திரிகிட்ட சொல்லு" என்று கத்தி அனுப்பிவிட்டார். தாளை நீட்டக்கூட நேரம் கிடைக்கவில்லையாம். மடித்த மடிப்பு அப்படியே இருந்தது.

 எழுத்துக்கு அவ்வளவுதானா மதிப்பு? பதினோரு வருடம் நடந்து நடந்து படித்தது இந்தத் தாளைப் பிரிக்கக்கூடப் பயன்படவில்லையே.

அடுத்த நாள் காவலுக்கு உட்கார்ந்தபோது குரங்குகள்மேல் எனக்கு ஆத்திரம் இருந்தது. உங்களுக்கு என்னதான் அறிவு இருக்கிறது, பார்த்துவிடுகிறேன் என்று, பள்ளிக்கூடத்துக்கு நான் கொண்டுபோன தகரப் பெட்டிக்குள் கடலையைப் போட்டு, கொக்கியை மாட்டி மரத்தடியில் வைத்தேன். பூட்டு இல்லை. வெறும் கொக்கி. என் தங்கையே விளையாட்டாக அதைத் தூக்கிவிடுவாள். கிழிந்த காது வந்தது. பெட்டியை உருட்டியது, தட்டியது, கடித்தது, உள்ளே கடலை குலுங்கும் சத்தத்தைக் காதைச் சாய்த்துக் கேட்டது. வெயில் ஏறும்வரை போராடியும் கொக்கியைத் தூக்கத் தெரியவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது. மனிதன் கல்லையும் கழியையும் கையாண்டுதான் மூளை வளர்ந்தது என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கொக்கி தெரியாத குரங்குக்கு எங்கே மூளை என்று நோட்டில் எழுதினேன்.

மை காய்வதற்குள் அது நடந்தது.

கூட்டத்தில் ஓர் இளம் ஆண் இருந்தது. கிழிந்த காது செய்ததை அதுவும் பார்த்திருக்கவேண்டும். பெரியது ஒரு கிளையில் பழம் தின்றுகொண்டிருக்க, இது கைக்குக் கிடைத்த ஒரு குட்டியை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றது. குட்டி கிறீச்சிட்டது. அவ்வளவுதான். குட்டியின் தாய் பாய்ந்தது. தாயின் அக்காளோ தங்கையோ, எப்போதும் அதற்குப் பேன் பார்க்கும் இன்னொரு பெண்ணும் பாய்ந்தது. பெரியதும் அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டது. நாலு பக்கமும் கடி. இளம் ஆண் மரத்திலிருந்து என் கடலைச் சாக்கின்மேல் விழுந்து, சாக்கையே இழுத்துக்கொண்டு ஓடியது.  

அதே வித்தைதானே? ஏன் அதற்கு அணைப்பு, இதற்கு அடி?

நோட்டைப் பின்னாலிருந்து புரட்டினேன். என் கையெழுத்திலேயே பதில் இருந்தது. கிழிந்த காது குட்டியைத் தூக்குவதற்கு முன்னால் நாலைந்து நாட்களாக அந்தத் தாயின் பின்னாலேயே சுற்றியிருந்தது. அதற்குப் பேன் பார்த்தது. அது தின்னும்போது தள்ளி உட்கார்ந்தது. குட்டி தன்மேல் ஏறி வாலை இழுத்தபோது பொறுத்துக்கொண்டது. இதையெல்லாம் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வெட்டி வேலை என்று நினைத்து நான் தனித்தனியாக எழுதியிருந்தேன். எந்தக் குட்டி, அதன் தாய் யார், தாய்க்கு வேண்டியவர்கள் யார், பெரியது எந்த நேரத்தில் சிரித்த முகமாக இருக்கும், எவ்வளவு கிட்டத்தில் போய் நீட்டவேண்டும் என்பதெல்லாம் அந்தக் கிழிந்த காதுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் இருபதுக்கு மேல் குரங்குகள். ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றுக்கும் என்ன உறவு என்பது மண்டைக்குள் இருந்தால்தான் ஒரு குட்டியைத் தூக்கி உயிரோடு திரும்ப முடியும்.

வேலிமேல் ஓர் ஓணான் உட்கார்ந்திருந்தது. அதற்கு யாரும் வேண்டாம். தலையை ஆட்டும், பூச்சியைப் பிடிக்கும், தன் வெயிலில் தானே காயும். அதற்கு எவனுடைய முகத்தையும் படிக்கவேண்டிய அவசியம் இல்லை. குரங்குக்குப் பழம் தேடுவதைவிட, பழத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மற்ற குரங்கைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. சமாளிக்கத் தெரியாதது கடிபட்டு ஒதுங்கியிருக்கும், ஒதுங்கியது செத்திருக்கும். தெரிந்ததுதான் குட்டி போட்டுப் பெருகியிருக்கும். எத்தனை ஆயிரம் தலைமுறையாக இப்படி நடந்து வந்திருக்கும்? அந்த மூளை கொக்கியைத் தூக்குவதற்காக வளரவே இல்லை. ஒன்றோடு ஒன்று வாழவேண்டி வந்ததால் வளர்ந்தது. இது எந்தப் புத்தகத்திலாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தோன்றியது இது.  முதலில் எழுதிய வரியை அடித்தேன்.

சனிக்கிழமை காலையில் அப்பா வெளுத்த சட்டையை எடுத்து மாட்டினார். அம்மா கேட்காமலே தங்கைக்கு முகம் கழுவிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. இளம் ஆண் வாங்கிய அடிதான் கண்முன்னால் நின்றது.

"அவ இருக்கட்டும்" என்றார் அப்பா. "பெரியவ வரட்டும். மனுவுல என்னா எழுதியிருக்குதுன்னு கேட்டா எனக்குச் சொல்ல வருமா? நீ வாம்மா. பள்ளிக்கூடத்துக்குப் போற பாவாட தாவணியக் கட்டிக்கினு வா."

எனக்கு ஒரு முழம் வளர்ந்த மாதிரி இருந்தது. கடைசியில் படிப்புக்குத்தான் வேலை வந்தது. நீல தாவணியைக் கட்டி, மனுவைப் புதிதாக மடித்து, வழியெல்லாம் ஆங்கிலத்தில் என்ன சொல்லவேண்டும் என்று மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே நடந்தேன்.

ஆபீசில் உடனே உள்ளே போய்விடலாம் என்று நினைத்தேன். அப்பா போகவில்லை. வராந்தாவின் கோடியில் என்னை நிற்கவைத்தார். ஒருவர் உள்ளே போய்த் திட்டு வாங்கி வந்தார். "இப்ப வேணாம்" என்றார் அப்பா. டீ உள்ளே போயிற்று. காலி டம்ளர் வெளியே வந்தது. "இப்ப" என்றார்.

உள்ளே ஆபீசர் தலையை நிமிர்த்தாமலே, "மறுபடி நீயா?" என்றார். அப்பாவின் கை என் முதுகில் பட்டது. மெதுவாக என்னை முன்னால் தள்ளியது.

"எம் பொண்ணுங்க ஐயா. பதினொண்ணாவது பாஸ் பண்ணிருக்குது. நம்ம நகரியத்துப் பள்ளிக்கூடத்துலதாங்க படிச்சுது. ஐயா வூட்டுப் பாப்பாவுக்கு ஒரு கிளாசு மேல."

ஆபீசர் நிமிர்ந்தார். நான் ஒப்பித்து வைத்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். "ரெஸ்பெக்டட் சார்" என்பதைத் தாண்டவில்லை.

"எந்த வருஷம்மா முடிச்சே? கணக்குல எவ்வளவு?" என்று கேட்டார். சொன்னேன். "எங்க வீட்டுல கணக்குப் புத்தகத்தைக் கண்டாலே அழறா. நீ எப்படிப் படிச்சே? ட்யூஷன் வெச்சுக்கிட்டியா?" இல்லை என்றேன். "ட்யூஷன் இல்லாமலா!" அவர் சிரித்தார். பல் தெரிந்தது. அப்பாவும் சிரித்தார். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்படிச் சிரித்துக்கொண்டே அப்பா மேஜைக்கு ஓரடி கிட்டத்தில் வந்து நின்றுவிட்டதை நான் பார்த்தேன்.

என் காதில் இரைச்சல் கேட்டது. பெல்ட்டின் இரைச்சல் மாதிரி. மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு தலை, அந்தப் பக்கம் ஒரு தலை, நடுவில் நான்.

ஆபீசர் மணியடித்து மஸ்டர் ரோல் என்னும் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். புரட்டினார். மாதாமாதம் அப்பாவின் பெயர் அதில் இருந்தது. "இவ்வளவு வருஷம் வேலை பார்த்த ஆளு பேரை எப்படிய்யா விட்டாங்க?" என்று தானாகவே கோபப்பட்டு, பட்டியலின் அடியில் அப்பாவின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். மனு என் கையில்தான் இருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை.

வெளியே வந்து, வேப்பங்கன்றுகள் நட்ட ரோட்டில் வெகுதூரம் நடந்தோம். பெயர் ஏறிவிட்டது, குடிசையைக் காலி செய்யவேண்டாம், கடிதம் வந்தால் நான் பயிற்சிக்குப் போகலாம். அழவேண்டும் போலவும் இருந்தது, கத்தவேண்டும் போலவும் இருந்தது.

"என்னைத்தானப்பா தூக்கிக்கினு போன?" என்றேன் கடைசியில்.

அப்பா நின்று பீடியைப் பற்றவைத்தார். "கைக்கொழந்தய எடுத்துக்கினு போவக்கூடாதுன்னு நீதான சொன்ன?"

"விளையாடாதப்பா."

"அந்தாளுக்குக் கைக்கொழந்தன்னா ஆவாதும்மா. போன மாசம் ஒருத்தி எடுத்துக்கினு போனா, இது என்னா ஆஸ்பத்திரியான்னு கத்தி அனுப்பிட்டாரு. நான் உன்னப் பள்ளிக்கூடத்துல வுட வந்து கேட்டாண்ட நிக்கிறப்பல்லாம் பாத்துக்கினுதான் இருப்பேன். ஜீப்புல வர்ரப்ப டிரைவர வையறாரு, வாட்ச்மேன வையறாரு. பொண்ணு எறங்கறப்ப மட்டும் அவரே எறங்கிப் பையத் தூக்கிக் குடுப்பாரு. அது பள்ளிக்கூடத்துக்குள்ளப் போயி மறையற வரைக்கும் நின்னு பாப்பாரு. சரி, இந்தாளுக்கு இதான் சாவின்னு தெரிஞ்சிது."

"அப்ப நான் எழுதினதுக்கு மதிப்பே இல்லியா?"

"நீ படிக்காம இருந்திருந்தா உன்ன எப்படிக் கொண்டுபோயி நிறுத்தறது?" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து, "கோவமா?" என்றார்.

கோபம்தான். அவர்மேல் அல்ல, என்மேல். கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்று இத்தனை வருடம் நான் உள்ளுக்குள் குறைவாக நினைத்திருந்த மனிதர், பள்ளிக்கூட வாசலில் சும்மா நின்றதாக நான் நினைத்த நேரத்தில் இவ்வளவையும் படித்து முடித்திருந்தார். எனக்குத் தெரிந்த எழுத்துக்கள் அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த மனிதர்களை எனக்குத் தெரியவே இல்லை. நகரியத்தில் எல்லா ஜில்லாவிலிருந்தும் ஜனங்கள் வந்து குவிந்திருந்தார்கள். எவனுக்கு எவன் வேண்டியவன் என்று ஒன்றுமே தெரியாத இடத்தில், நிலமும் இல்லாமல், எழுத்தும் இல்லாமல், நாங்கள் அவரை நம்பிப் பிழைத்திருந்தோம்.

பயிற்சிக்கு வரச்சொல்லிக் கடிதம் அடுத்த மாதம் வந்தது. வந்த அன்று காலையில் எதிர்க்குடிசை அத்தை எங்கள் வாசலில் நின்றாள். நான் இருப்பதைப் பார்த்துத் தயங்கி, "உங்கம்மா எங்க?" என்றாள்.

"தண்ணிக்குப் போயிருக்காங்க. பாப்பாவுக்கா வந்தீங்க?"

"நீதான் அவ குடையான்னு கேப்பியே."

தங்கையைத் தூக்கி என் இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவள் என் கையிலிருந்த கடிதத்தைப் பிடித்து இழுத்தாள்.

"எந்த ஆபீசரப் பாக்கப் போறீங்க அத்த?" என்று கேட்டேன்.

சொன்னாள்.

"அவருகிட்டயா? அவருக்குக் கைக்கொழந்த ஆவாது. கத்துவாரு" என்றேன். "டீ குடிச்சி முடிக்கட்டும். நானே கூட வரேன்."